தொண்ணூறு மீட்டர்

ஆகஸ்ட் 28, வியாழன்

‘இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளர்’ என்று என் கதவில் ஒட்டிவிட்டார்கள். பலகை இல்லை, வெறும் காகிதம். மத்தியானத்துக்குள் ஒரு முனை காற்றில் பிய்ந்து ஆடியது. பதினெட்டு வருஷம் பெண்கள் நெடுந்தூர ஓட்ட அணியில் தலைமைப் பயிற்சியாளர் ராய்ஸுக்கு உதவியாளராக இருந்தேன். அவர் ஓய்வு பெற்று, தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போன பிறகு எனக்கு இந்தக் காகிதம்.

லாண்ட்ரம் கூப்பிட்டார். கல்லூரி விளையாட்டுத் துறைக்குத் தலைவர்; ஃபுட்பாலைத் தவிர எல்லாமே அவருக்குத் தண்டச்செலவு. “ரோண்டா, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நவம்பர்ல பொண்ணுங்களை நேஷனல்ஸுக்குக் கூட்டிட்டுப் போ, நாற்காலி உன்னோடது. இல்லேன்னா வெளியில ஆள் பாக்க வேண்டியதுதான்.” சொல்லிவிட்டு ஒரு டாக்டர் பெப்பர் சோடா டின்னை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். மூஞ்சியிலா ஊற்ற முடியும்?

வட்டாரப் போட்டியில் முதல் மூன்று அணிகளுக்குத்தான் நேஷனல்ஸ். ஏழு பேர் ஓடினாலும் கணக்கில் வருவது முதலில் வரும் ஐந்து பேருடைய இடங்களின் கூட்டல்தான்; எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மாரிஸோல் கேப்டன், பறப்பாள். அடுத்த மூன்று பேரும் மோசமில்லை. ஐந்தாவது? லேசி. அவளுக்குப் பின்னால் நோவெல். அவள் மனசு தங்கம், கால்தான் இரும்புக் குண்டு, நகராது. ஆக என் தலையெழுத்து லேசியின் காலில் இருக்கிறது. கடவுளே.

செப்டம்பர் 13, சனி

இன்றைக்கு லேசி பந்தயத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள். இரண்டாவது மைலில், ஓடுபாதைக் கயிற்றைத் தூக்கிக் குனிந்து வந்து, பருத்திக்காட்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். கால் உடையவில்லை. மூச்சு இருந்தது. கண்ணீர்கூட இல்லை.

“முடியல கோச்.”

“முடியலயா? எந்திரி. மிச்ச தூரத்தை நடந்து முடிச்சுட்டு வா. பஸ் நிக்கும்.”

பஸ் நின்றது. மற்ற பெண்கள் பரிட்டோ தின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவள் வந்து சேர்வதற்குள் முடிவுக்கோட்டு வளைவைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். அது இருந்த இடம் வரை நடந்து வந்தாள், சாக்ஸ் முழுக்க முள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை.

வீட்டில் என் புருஷன் வெண்டலிடம் சொன்னேன். “கொஞ்சம் ஓவரா இல்ல?” என்றான். “நீ எண்ணெய்க் கிணத்துப் பம்பை ரிப்பேர் பண்ணு. பொண்ணுங்களை நான் பாத்துக்கறேன்” என்றேன். சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போய்விட்டான்.

செப்டம்பர் 22, திங்கள்

மேட்டுப் பயிற்சியில் லேசியை நிறுத்தி வைத்து எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “கோட்டைத் தாண்டற வரைக்கும் உன் உடம்பு உன்னோடது இல்லடீ. மத்த ஆறு பேரோடது. அது வலிக்குதுன்னா அவங்ககிட்ட போய் லீவு கேளு.” தலையாட்டினாள். சாயந்திரம் பார்க்கிறேன், அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறாள். பெருமையாக இருந்தது. ஆமாம், இருந்தது.

அக்டோபர் 1

லேசி ஓட்டத்தின் நடுவில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி முடித்தாள். “அப்படிப் போடு!” என்று கத்தினேன்.

அக்டோபர் 18, சனி

லீக் போட்டியில் இரண்டாம் இடம்! கடைசி நேர்கோட்டில் லேசி வரிசையாக ஆள்களைத் தாண்டி வந்தாள், ஏதோ அவர்களெல்லாம் கம்பம் மாதிரி. மாரிஸோல் என் தோளைப் பிடித்து உலுக்கி, “அவளுக்கு என்ன போட்டீங்க கோச்? எனக்கும் ரெண்டு சொட்டுப் போடுங்க” என்றாள். லாண்ட்ரம் நேரில் வந்து கை குலுக்கினார். அந்தக் கை எனக்காக நீண்டது பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

கதவில் என்ன எழுதலாம் என்று வெண்டல் கேட்கிறான். வாயை மூடு, கண்ணு பட்டுடும் என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

வட்டாரப் போட்டிக்காகத் தெற்கே எல்லைப்பக்கம் வந்து சேர்ந்தோம். நவம்பர் மாதமா இது? ஹோட்டல் வாசலில் தார் இளகுகிறது. நாளை தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டுமாம். பந்தயத்தை விடியற்காலைக்கு மாற்றுங்கள் என்று நாலு பயிற்சியாளர்கள் சேர்ந்து கேட்டோம். டிவிக்காரர்கள் வருவதால் மாற்ற முடியாது என்றார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் மாரிஸோல் என்னைத் தனியாக இழுத்தாள். “கோச், லேசி ரெண்டு நாளா சரியாவே சாப்பிடல. கேட்டா சிரிக்கிறா.”

போய்க் கேட்டேன். “உடம்பு எப்படி இருக்கு?”

“என் உடம்பு என்னோடதா கோச்? அவங்ககிட்டதான் கேக்கணும்” என்று மற்றவர்களைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இவளை நாளைக்கு நிறுத்திவிட்டால்? நோவெல் ஐந்தாவதாக வந்தால் மூன்றாம் இடம் கிடைக்குமா? கிடைக்காது. எத்தனை தடவை கூட்டினாலும் கிடைக்காது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. ஓடட்டும்.

நவம்பர் 8, சனி — ஆஸ்பத்திரி

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

கடைசித் திருப்பம் வரைக்கும் நாங்கள் மூன்றாவது. நான் கயிற்றோரம் நின்று இடங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எங்களில் நாலு பேர் முடித்துவிட்டார்கள். லேசி திருப்பத்தில் வந்தாள். கோடு அதோ, தொண்ணூறு மீட்டர். அவள் நடந்தாலும் போதும்.

கோணலாக ஓடினாள், யாரோ பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி. விழுந்தாள். எழுந்தாள். கூட்டம் “எந்திரி! எந்திரி!” என்று கத்தியது — நான்கூடத்தான் கத்தினேன். மறுபடி விழுந்தாள். மறுபடி எழுந்தாள். எனக்கு நேரே வந்தாள், கை நீட்டினால் எட்டும். என்னைப் பார்த்தாள். யாரென்று தெரியவில்லை அவளுக்கு.

வேர்வையே இல்லை. அந்த வெயிலில் கை முழுக்கப் புல்லரித்திருந்தது.

பக்கத்தில் நின்ற நடுவர் மெதுவாகச் சொன்னார்: “தொட்டா அவ அவுட், கோச். தெரியும்ல?”

தெரியும். நாற்காலி ஞாபகம் வந்ததா? வந்தது. பொய் சொல்ல மாட்டேன். இன்னும் நாலு அடி எடுத்து வைக்கட்டும் என்று பார்த்தேனா? பார்த்தேன். அப்புறம் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அவளைக் கட்டிப் பிடித்தேன். உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது.

“விடுங்க! விடுங்க கோச்! நான் ஓடறேன்ல! ஓடிட்டுதானே இருக்கேன்!”

உதைத்தாள். என் கழுத்தைப் பிறாண்டினாள். பனிக்கட்டித் தொட்டிக்குள் இறக்குவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். நூற்று ஏழு டிகிரி என்றார்கள்.

நோவெல் கணக்கில் வந்தாள். நாங்கள் நாலாவது. பெண்கள் புல்லில் கிடந்து அழுதார்கள். மாரிஸோல் மட்டும் தண்ணீர் கொண்டுவந்து என் கழுத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

பிழைத்துக்கொண்டாள். சிறுநீரகம் தப்பித்தது. டாக்டரிடம் கேட்டேன், இன்னும் தொண்ணூறு மீட்டர் போயிருந்தால்? “கோட்டைத் தாண்டியிருக்கலாம். பாதியிலயே போய்ச் சேந்திருக்கலாம். ரெண்டு நிமிஷத் தாமதத்துல செத்தவங்களையும் பாத்திருக்கேன், பிழைச்சவங்களையும் பாத்திருக்கேன். எனக்கென்னம்மா தெரியும்?” என்றார். ஒரு ஆறுதலுக்காவது பொய் சொல்லியிருக்கலாம் மனுஷன்.

லேசியைப் பார்க்க விட்டார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அன்னிக்கு நானா வெளிய வந்தேன், நடக்க வெச்சீங்க. நேத்து நான் வெளிய வரல. நீங்கதான் இழுத்தீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?”

அவள் அம்மா ராத்திரி முழுக்கக் கார் ஓட்டி வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அதை என்னால் தாங்கவே முடியவில்லை.

நவம்பர் 12, புதன்

லாண்ட்ரம்: “சரியான முடிவு ரோண்டா. மனசாரச் சொல்றேன். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.” அப்புறம் ஓர் ‘ஆனா’ வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 26

மைதானத்தில் யாரும் இல்லாத நேரம் தொண்ணூறு மீட்டர் அளந்து நடந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை, இத்துனூண்டு.

டிசம்பர் 9, செவ்வாய்

கொலராடோவிலிருந்து ஒரு பையன் வருகிறான், முப்பத்தொரு வயசு. பெயர் ப்ரைஸ். நல்ல பையன்தான், அதுதான் எரிச்சல். எனக்கு அவனுடைய உதவியாளர் வேலை தருகிறார்களாம். கதவில் இருந்த காகிதத்தை நானே கிழித்தேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு முனை டேப்.

“உதறிட்டு வா. ஊர்ல ஹைஸ்கூலே இல்லையா?” என்கிறான் வெண்டல். இருக்கிறது. கேட்டுவிட்டேன், ஆகஸ்டில் சேரச் சொன்னார்கள். வசந்தகாலப் போட்டிகள் முடியும் வரை இங்கே இருக்கிறேன் என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. பிப்ரவரியில் லேசி ஓடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

லேசி வந்துவிட்டாள். என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறாள். “சரிங்க.” “ஆமாங்க.” ‘கோச்’ என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டாள், அது இப்போது ப்ரைஸுக்கு.

எல்லாப் பெண்களையும் உட்கார வைத்து வெயில் பற்றிப் பேசினேன். வேர்வை நின்றால், கை சில்லிட்டுப் புல்லரித்தால், நின்றுவிடுங்கள். கோடு எங்கேயும் ஓடிப் போகாது. “செப்டம்பர்ல வேற மாதிரி சொன்னீங்களே கோச்?” என்று நோவெல் வெள்ளந்தியாகக் கேட்டாள். “தப்பாச் சொன்னேன்” என்றேன். லேசி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா தெரியவில்லை.

மே 2, சனி

என் கடைசிப் போட்டி. ஐயாயிரம் மீட்டர், பட்டப்பகலில். ப்ரைஸ் முடிவுக்கோட்டில் நின்றான். நான் எதிர்ப்பக்கத் திருப்பத்தில் ஐஸ் பெட்டியோடு நின்றேன். நவம்பருக்குப் பிறகு அந்தப் பெட்டி இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. பெண்கள் அதை என் குழந்தை என்று கிண்டல் செய்கிறார்கள்.

லேசி ஐந்தாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு சுற்று. எனக்கு எதிரே வந்ததும் வேகம் குறைந்தது. தடத்தை விட்டு இறங்கினாள், தன் காலில், நேராக. புல்லில் நடந்து என்னிடம் வந்து கையை நீட்டினாள். புல்லரித்திருந்தது.

“கோச், சில்லுனு இருக்கு.”

பெட்டிமேல் உட்கார வைத்து, ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றி, தலையில் தண்ணீர் ஊற்றினேன். ப்ரைஸ் குறுக்கே ஓடி வந்தான். “என்ன ஆச்சு? ஏன் வெளிய கூப்பிட்டீங்க?”

“அவங்க கூப்பிடல. நானாத்தான் வந்தேன்” என்றாள் லேசி.

அவன் டாக்டரை அழைத்து வரப் போனான். அவள் துண்டுக்குள்ளிருந்தே கேட்டாள்: “மிச்சத்தை நடந்து முடிக்கணுமா?”

“உக்காருடீ.” துண்டை மறுபடி நனைத்துச் சுற்றினேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, நேரத்தோடு நின்றாள், ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்கட்டும் என்றார். திரும்பும்போது லேசி பஸ்ஸில் என் பக்கத்து ஸீட்டில் வந்து உட்கார்ந்தாள். ஊர் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எல்லோரும் இறங்கிப் போன பிறகும் கொஞ்ச நேரம் நான் எழுப்பவில்லை. பஸ் எங்களுக்காக நின்றது.