முடித்தவருக்கே பெயர்

அன்புத் தோழியே,

மழை விட்ட இன்றைய காலையில் அலமாரியைத் திறந்தேன். பூசணம் பூத்த தோலின் வாடையோடு தேங்காயெண்ணெய் மணமும் எழுந்தது. நம் சாஃப்ட்பால் கையுறைகள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயையே தேய்த்து அவற்றை இளக்கியவள் நீ. "பந்து பிடிக்க வந்தீங்களா, சடை பின்ன வந்தீங்களா?" என்று எதிரணியினர் கேலி செய்வார்கள்.

பேஸ்பாலிலிருந்து வந்த அந்த விதியை நீ மறந்திருக்கமாட்டாய். மாற்று வீச்சாளராக இறங்குபவர், தம் அணியின் சிறு முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தால், அவர் பெயரில் ஒரு 'சேவ்' பதிவாகும். இடையில் எத்தனை பேர் தாங்கியிருந்தாலும் அது முடித்தவர் ஒருவருக்கே. தோட்டப் பள்ளியை ஆறாம் வகுப்போடு விட்டவளாயினும், விதிநூலை அகராதியின் துணைகொண்டு நானே கற்றேன்.

பாரிட் புந்தார் அணியுடனான இறுதி ஆட்டத்தில் நமக்கு இரண்டு ஓட்டங்களே முன்னிலை. ஆறாம் சுற்றில் மூன்று தளங்களிலும் எதிரணியினர் நிற்க, ஒருவரும் ஆட்டமிழக்காத நேரத்தில் உன்னை இறக்கினார்கள். ஒருவரைக்கூட நீ ஓட்டம் எடுக்க விடவில்லை. உன் விரல் கிழிந்து பந்தில் இரத்தம் பட்டதால், கடைசிச் சுற்றுக்கு என்னை அனுப்பினார் பயிற்சியாளர். எதிரணியினர் எவரும் நிற்காத வெறும் தளங்களோடு தொடங்கி முடித்தேன். சேவ் எனக்கு.

"ஏன் அண்ணே, இவளுக்கு ஒன்னும் இல்லையா?" என்றேன்.

"ரூல் அப்படி லா. முடிச்சவங்களுக்குத்தான்."

கட்டுப் போட்ட விரலை ஆட்டிச் சிரித்தாய். "வீட்டைக் கூட்டினது நானு, கோலம் போட்டது நீ. ஃபோட்டோ எல்லாம் கோலத்துக்குத்தான் லா, போடி."

விதிப்படி அது என்னுடையதே. அதில் எனக்குக் கூச்சமில்லை.

ஆனால், சிம்பாங் பூலாய் வீட்டில் நீ நோயில் கிடந்த மாதங்களுக்கு விதிநூல் ஏது? வேலையை விட்டுவிட்டு உன்னைக் குளிப்பாட்டியவள், ஊட்டியவள், உன் வசவுகளையும் வாங்கிக்கொண்டவள் உன் தங்கை செல்வி. தஞ்சோங் மாலிமிலிருந்து உன் மகன் வந்தது நீ இறப்பதற்கு முந்தின நாள். செல்வி வலி மருந்து வாங்க ஈப்போவுக்குப் போயிருந்த வேளையில் நீ போய்விட்டாய். கட்டிலருகே அவனும் நானும் மட்டுமே இருந்தோம்.

கருமாதியன்று அவனுக்கே புகழாரம். "மவன் கையால தண்ணி வாங்கத்தான் உசுர வச்சிருந்துச்சு பாரு" என்றார்கள். "அம்மா கடைசியா என்னைத்தான் கூப்பிட்டாங்க" என்றான் அவன்.

பின்கட்டில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த செல்வி என்னிடம் மெல்லக் கேட்டாள். "நீங்க கூடத்தானே இருந்தீங்க. எங்கக்கா என்னையக் கேட்டுச்சா?"

நீ கண் திறந்து, "செல்வி வந்துட்டாளா?" என்றாய். "நான் இருக்கேன்மா" என்றான் அவன். அதன்பின் உன்னிடம் பேச்சில்லை. நடந்ததை நடந்தபடியே அவளிடம் சொன்னேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "அவன் வேற மாதிரி சொல்றானே. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்களா?"

"சத்தியமா இல்ல."

தலையசைத்தாள். அண்டாவின் அடிக்கரியை மீண்டும் சுரண்டத் தொடங்கினாள்.

தோழி, உன் கடைசிச் சொல்லை உரியவளிடம் சேர்த்துவிட்டேன். அவள் நம்பினாளா என்பதை மட்டும் என்னால் இன்றளவும் அறிய முடியவில்லை.