நான் திட்டியதும் தம்பி எழுதியதும்

ஜூன் 3, செவ்வாய்

ஆங்கில வகுப்பில் இன்று என் கட்டுரையின் முதல் இரண்டு பக்கங்களையும் வாத்தியார் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டார். மூன்றாம் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. "இங்க இருந்து ஆரம்பிங்க மேடம்." என் பெரியவன் வயதுகூட இருக்காது அந்த ஆளுக்கு.

நான் திரைச்சீலைத் துணி விற்கிறவள். எடுத்த எடுப்பிலேயே நல்ல சுருளை விரிப்பேனா? சுமாரானதில் நாலு காட்டி, வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிய பிறகுதான் நல்லதில் கை வைப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் விற்கிறேன். கட்டுரையையும் அப்படித்தான் எழுதினேன். அது தப்பாம்.

முகத்துக்கு நேராகவே கேட்டேன். "கடையில நீங்க எதிர்ல நிக்கிறீங்க, அவங்க எழுந்து போகக் கூச்சப்படுவாங்க. படிக்கிறவனுக்கு என்ன கூச்சம்?" என்றார்.

அவர் சொன்னது சரி என்றே பட்டது எனக்கு. அதுதான் எரிச்சல்.

ஜூன் 5

வீட்டுப்பாடம் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை.

ஜூன் 8

எழுதினேன்.

ஜூன் 17, செவ்வாய்

விடுதி முதலாளி காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். அறுபது அறைக்கும் நாங்கள் தைத்துக் கொடுத்த நீலத் திரை, பதினோரு வாரத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. அடுத்த மாதம் இருபதுக்குள் மாற்றித் தரவேண்டும்; இல்லையென்றால் அவருடைய மற்ற மூன்று விடுதிகளுக்கும் வேறு கடை. கத்தவில்லை மனுஷர். கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்.

துணி வெளிநாட்டு ஆலையிலிருந்து வந்தது. ஆலைக்கு எழுதுவது எப்போதும் தம்பிதான். பதினாறு வருஷமாக நான் வாயால் சொல்வேன், அவன் ஆங்கிலத்தில் எழுதுவான், அடியில் என் கையெழுத்து. போன தடவை சாயம் போனதற்கு என்ன எழுதினோம் என்று பார்க்கக் கோப்பை எடுத்தேன். இப்போதுதான் எனக்கே படிக்க வருகிறதே.

படித்தேன். 'தங்கள் துணியில் குறை இருக்க வாய்ப்பில்லை. எங்கள் ஊர் வெயில் கடுமையானது. சிரமத்துக்கு மன்னிக்கவும்.'

இது நான் சொன்னதா? அன்றைக்கு அவன் பக்கத்தில் நின்று அந்த ஆலைக்காரனை நார்நாராகக் கிழித்தேனே! மற்றதையும் புரட்டினேன். எல்லாவற்றிலும் மன்னிப்பு. எல்லாவற்றுக்கும் கீழே நான்.

ஜூன் 18

தம்பியைக் கல்லாவிலிருந்து உள்ளே கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு அவனுக்கும் வந்தது கோபம்.

"நீ சொல்றத அப்படியே எழுதினா, மறுநாளே அவன் துணி அனுப்பறத நிறுத்திடுவான்க்கா. 'உன் ஆலையில கழுதைதான் சாயம் போடுதா'ன்னு எழுதச் சொன்ன. எழுதட்டுமா?"

"எழுதி இருக்கணும்டா."

"கடை இருந்திருக்காது."

கல்லாவுக்கே திரும்பிப் போய்விட்டான். கழுதை என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன். ஆனாலும் மன்னிப்புக் கேட்க நான் சொல்லவில்லையே! அது யாருடைய மன்னிப்பு?

ஜூன் 20, வெள்ளி

நானே எழுதினேன். ஆறு பக்கம். வகுப்பு முடிந்ததும் வாத்தியாரிடம் நீட்டினேன். நின்றபடியே முழுதும் படித்தார்.

"கோபம் நல்லாவே தெரியுது மேடம். என்ன வேணும்னுதான் தெரியல."

"ஆறாம் பக்கத்துல இருக்கு."

ஆறு பக்கத்தையும் மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அவர்.

ஜூன் 21

நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. மாற்றுத்துணி வேண்டும் என்பதை முதல் வரியிலேயே போடக் கை வரமாட்டேன் என்கிறது. பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது, இல்லையென்றால் அடிக்கப் போகிற மாதிரி.

கழுதையை எடுத்தேன். திரும்பப் போட்டேன். எடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஒரே பக்கம். 'நீங்கள் அனுப்பிய நீலத் துணி பதினோரு வாரத்தில் வெளுத்துவிட்டது. அதற்கு ஈடாகப் புதுத் துணி ஜூலை ஐந்துக்குள் எனக்கு வேண்டும்.' பிறகு எந்தெந்தச் சுருள், எந்தப் பக்க ஜன்னல், வெயிலே படாத அறையிலும் வெளுத்தது எப்படி. மன்னிப்பு இல்லை. வசவும் இல்லை.

எந்தத் தடவை போட்ட சாயம் என்று காட்டும் சாய எண் மட்டும் எனக்குத் தெரியாது. தம்பியிடம் கேட்கவும் மனசில்லை. மத்தியானம் பார்த்தால் மேஜைமேல் ஒரு துண்டுச் சீட்டு, தம்பி கையெழுத்தில், எல்லாச் சுருளுக்கும் எண். தலையை நிமிர்த்தாமல் துணி அளந்துகொண்டிருந்தான். சீட்டைப் பார்த்து எண்களைக் கடிதத்தில் சேர்த்தேன். கோபம் போகவில்லை இன்னும்.

வெளுத்த துண்டு ஒன்றையும் வைத்துக் கூரியரில் அனுப்பினேன்.

ஜூன் 30

பதில் இல்லை. விடுதிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

ஜூலை 4, வெள்ளி

பதில் வந்துவிட்டது. அந்தச் சாயத்தில்தான் கோளாறாம். புதுத் துணி விமானத்தில் ஏறிவிட்டதாம். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவர்கள் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஆரம்பம் 'டியர் சார்'. அடியில் என் பெயரை அத்தனை பெரிதாகப் போட்டிருந்தேனே! இவ்வளவு தெளிவாக எழுதினால் ஆம்பளையாகத்தான் இருக்கவேண்டுமா?

"விடுக்கா, துணிதான் வருதே" என்றான் தம்பி.

விடவில்லை. நின்றவாக்கிலேயே பதில் எழுதினேன், மூன்று வரி; நான் சார் இல்லை என்பது முதல் வரியிலேயே. வகுப்புக்கு எடுத்துப் போய்க் காட்டத் தோன்றவே இல்லை. தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.