கணவாயில்தான் சிக்னல்

குட்டிம்மாவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? நம் சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

லீவு நாளில் எங்கள் விடுதிச் சமையல்காரரோடு மலைக் கணவாய்க்கு ஏறினேன். போனுக்குச் சிக்னல் அங்கேதான் கிடைக்கும். நீ எடுக்கவில்லை. மூடுபனி இறங்கியது.

“வாப்பா, வழி மறைஞ்சிடும்” என்றார்.

“இன்னும் ஒரு தடவை அடிச்சுப் பாக்கறேண்ணே” என்று நின்றுவிட்டேன்.

பிறகு கண்ணே தெரியவில்லை. புதுப்பெண் மாதிரி அவர் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கால் லேசாகப் பிசகியது, அவ்வளவுதான்.

மாசக் கடைசி ஞாயிறும் ஏறுவேன். அன்று மத்தியானம் போனை இடுப்பிலேயே செருகிக்கொள். கை வேலையாக இருந்தால் எடுத்துச் சின்னவன் பக்கத்தில் வை. அவன் சத்தம் கேட்டால் போதும்.

ரொட்டி வண்டி கிளம்புகிறது, இதைக் கொடுத்தனுப்ப வேண்டும். மறக்காமல் எடு. நீ எடுக்காமல் நான் இறங்கமாட்டேன்.