கரண்ட் போன ஓட்டங்கள்

செப்டம்பர் 22, 1987. செவ்வாய்

கம்ப்யூட்டர் திரையின் இடது மேல் மூலையில் மறுபடியும் அந்த நாற்காலி. நான்கு நட்சத்திரக் குறி முதுகு, இரண்டு நட்சத்திரம் பலகை, கீழே கால்கள். சச்சின் தவழ்ந்து போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். கேசட்டைப் போட்டு புரோகிராமை மறுபடி ஏற்றி ஓடவிட்டேன். நாற்காலி வந்து நின்றது. போன வாரமும் பார்த்தேனோ?

சச்சின் பல்ராம் அண்ணனின் பிள்ளை. பத்து மாதம். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் பத்தாம் வருஷமான ஃபார்ம் ஃபோரோடு பள்ளியை விட்டு, சுரங்க ஊரான வட்டுகோலாவில் அப்பாவை விட்டு, நடபுவாவுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குக் குரல் வராது. சச்சினிடம் வரும்.

உர்மிளா அண்ணி பகலில் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தப் போய்விடுவார். கம்ப்யூட்டரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வீடியோ படம் பார்க்க வாங்கிய டிவியில் அதை மாட்டியிருப்பதால் அண்ணனுக்குப் படம் கிடையாது.

அண்ணி சொல்லித் தெரிந்தது இது. திரையில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு குட்டிக் காந்தம். மேலே பார்த்தால் நட்சத்திரம், கீழே பார்த்தால் வெற்றிடம். ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ள நாலு பேரையும் மூலையில் உள்ள நாலு பேரையும் பார்த்து எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்யும். முடிவில் கொஞ்சம் சீட்டுக் குலுக்கலும் உண்டு. சூடு ஏற ஏறக் குலுக்கல் அதிகம். எந்தச் சூட்டில் எல்லாரும் ஒரே பக்கம் பார்ப்பது உடைகிறது? அந்த எண்தான் அண்ணிக்கு வேண்டும். பேப்பரில் கணக்குப் போட்டு வராதாம். மறுபடி மறுபடி ஓடவிட்டு, சராசரி எடுத்து, அது எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் பதினைந்துக்குள் ஆக்லாந்து பேராசிரியருக்கு எண் போனால் அண்ணிக்கு அங்கே டாக்டர் பட்டத்துக்கு இடம், உதவித்தொகை, மூன்று பேருக்கும் விசா. மூன்று பேர் என்றால் அண்ணன், அண்ணி, சச்சின்.

செப்டம்பர் 26. சனி

நேற்று மறுபடியும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மே மாதம் ஒரு தடவை போதவில்லை போல. ரேடியோவில் ஒரே பாட்டு, நடுவில் அறிவிப்பு. இருட்டினால் வெளியே போகக்கூடாது. பேக்கரியிலேயே ரொட்டி இல்லை என்று அண்ணன் வெறுங்கையோடு வந்தான். கசாவாக் கிழங்கு அவித்தேன்.

அண்ணி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: மிஷின் ஓடுதா?

ஓடியது.

அக்டோபர் 3. சனி

இந்த வாரம் தினமும் கரண்ட் போகிறது. சில நாள் இரண்டு மூன்று தடவை. போகிற ஒவ்வொரு தடவையும் அதுவரை வந்த சராசரியை பிரிண்டர் காகிதத் துண்டிலிருந்து அண்ணி குறித்துக்கொள்வார். கரண்ட் வந்ததும் நான் புதிதாக ஓடவிடுவேன். அண்ணிக்கு இது ஒரு விதத்தில் லாபமாம். தனித்தனி ஓட்டம் நிறைய இருந்தால் எண்ணை அதிகம் நம்பலாம். எல்லாச் சராசரியும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறது என்று முகம் மலர்ந்து சொன்னார்.

நாற்காலியை இதற்குள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இன்று காலை மீன் துண்டில் முள் தேடுகிற மாதிரி மெதுவாகப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு வாளி கூட இருக்கிறது.

எதிர்வீட்டு சுஷீலா அக்கா குடும்பம் கனடா போகிறதாம். அவர்களுக்கு இந்தப் பக்க வீடு போன மாதமே காலி. அதற்கடுத்த வீட்டில் சோபா விற்கிறார்கள். கம்ப்யூட்டரில் வருகிற கட்டங்களும் நம் தெருவும் ஒரே மாதிரிதான் யோசிக்கின்றன.

அக்டோபர் 8. வியாழன்

நாடு இப்போது குடியரசாம். நேற்றிலிருந்து.

இன்று ஒரு வேலை செய்தேன். அண்ணியின் புதுச் சேலை வந்த பிளாஸ்டிக் உறையை வெட்டி டிவி கண்ணாடியில் ஒட்டினேன். புரோகிராம் தொடங்கி முதல் படம் வந்ததும் நிறுத்தி, மார்க்கரால் நட்சத்திரம் ஒவ்வொன்றின் மேலும் புள்ளி வைத்தேன். அணைத்தேன். சச்சினுக்குச் சோறு ஊட்டினேன். மறுபடி போட்டு, அதே உறையை ஒட்டிப் பார்த்தேன்.

ஒரு புள்ளி கூட விலகவில்லை.

வேறு சூட்டைக் கொடுத்தும் பார்த்தேன். முதல் படம் அதேதான். முதல் சூட்டையே திரும்பக் கொடுத்து நூறு சுற்று விட்டுப் பார்த்தேன், அதுவும் அதே. குலுக்கல் என்கிறார்கள், ஆனால் மிஷின் விழித்ததும் ஒவ்வொரு தடவையும் அதே சீட்டை அதே வரிசையில் எடுக்கிறது. அப்படியென்றால் ஒரு சூட்டுக்கு அண்ணியிடம் இருப்பது நிறைய ஓட்டம் இல்லை. ஒரே ஓட்டம்தான். கரண்ட் வெவ்வேறு நேரத்தில் போனதால் வெவ்வேறு இடத்தில் அறுந்தது. அதனால்தான் சராசரிகள் கொஞ்சம் மாறி மாறி, உண்மை மாதிரியே இருந்தன.

நான் கண்டது சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்வதுதான்—

அக்டோபர் 9. வெள்ளி

சொல்லவில்லை. சச்சின் இன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அசல் நாற்காலி.

அக்டோபர் 10. சனி

சொன்னால் அவர்கள் போக முடியாமல் போகலாம். சொல்லாவிட்டால் போவார்கள், சச்சினும் போவான். அவன் போகக்கூடாது என்றுதான் எனக்கு ஆசை. அந்த ஆசையால்தான் சொல்கிறேனா? பிளாஸ்டிக்கில் இருக்கிற புள்ளிக்கு என் ஆசை தெரியாது. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 11. ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ரொட்டி தின்ற பிறகு அண்ணி எழுத உட்கார்ந்தார். நான் போய் உறையை டிவியில் ஒட்டி, மிஷினைப் போட்டு, ஓடவிட்டேன். பேச்சு வராது என்று தெரியும், அதனால் கையைக் காட்டினேன். அண்ணி பார்த்தார். அணைத்தேன். மறுபடி போட்டேன். புள்ளியும் நட்சத்திரமும் ஒன்றின் மேல் ஒன்று.

"இது எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

"எப்பவும் அண்ணி. அணைச்சுப் போட்டா ஒவ்வொரு வாட்டியும் இதே படம்."

வந்ததே குரல்.

அண்ணன் சமையலறையிலிருந்து வந்தான். விஷயம் புரிந்ததும் அவன் என்னைப் பார்த்த பார்வை. "நாங்க போறது இவளுக்குப் பிடிக்கல உர்மிளா. புள்ளைய வுட்டுட்டு இருக்க முடியாது. அதான் எதையாவது கெளப்புறா."

முகம் சுட்டது. அவன் சொன்னதில் பாதி நிஜம். அண்ணி மிஷினிடம் வந்தார். தன் கையால் மிஷினை அணைத்தார், கேசட்டை ஏற்றினார், டிவி கண்ணாடியில் மூக்கு முட்ட உட்கார்ந்து கொண்டு பார்த்தார். இரண்டு தடவை. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சுவா யுனிவர்சிட்டியில நான் படிச்சப்ப மிஷினை யாரும் அணைச்சதே இல்ல பல்ராம். ஒரு ஓட்டம் முடிஞ்ச எடத்துலேர்ந்து அடுத்தது ஓடும். அதான் எனக்குத் தெரியல. இங்கதான் கரண்ட் போவுது. இவ சொல்றது சரி."

"நாலு நாள்தான் இருக்கு. இப்படியே அனுப்பிடு. ஆக்லாந்துல இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல?"

அண்ணன் வெளியே போய் மாமரத்தடியில் நின்றான்.

அக்டோபர் 12. திங்கள்

அண்ணி தபாலாபீஸிலிருந்து ஆக்லாந்துக்கு போன் போட்டார். நடந்ததை அப்படியே சொன்னாராம். நவம்பர் கடைசிவரை பார்க்கிறேன், அதற்குமேல் உதவித்தொகையை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றாராம் பேராசிரியர்.

புரோகிராமில் ஒரு வரி சேர்த்தோம். இனிமேல் தொடங்கும்போது மிஷின் ஓர் எண் கேட்கும். வேறு எண் கொடுத்தால் வேறு குலுக்கல். எண் கொடுப்பது என் பொறுப்பு. பஸ், டிராக்டர், போலீஸ் லாரி என்று எது தெருவில் போனாலும் நம்பர் பிளேட்டைப் பார்க்கிறேன்.

அக்டோபர் 27. செவ்வாய்

பட்டாசு இல்லாமல் தீபாவளி முடிந்தது.

அண்ணன் என்னோடு அளந்துதான் பேசுகிறான். ஆனால் இன்று வேலை பார்க்கிற கராஜிலிருந்து ஒரு லாரி பாட்டரியையும் என்னவோ பெட்டியையும் கொண்டுவந்து மிஷினுக்கு மாட்டினான். கரண்ட் போனாலும் மிஷின் சாகாது. டிவி மட்டும் அணையும். "சும்மா பாத்துக்கினு நிக்காத, அந்த ஒயரைப் பிடி" என்றான். பிடித்தேன்.

நவம்பர் 15. ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது என்று இப்போது சட்டம். பஸ் இல்லை, கடை இல்லை. பிரிண்டர் சத்தம் தெருவுக்குக் கேட்கும் என்று அண்ணி அதன்மேல் சச்சினின் மெத்தையைப் போட்டார். சச்சினை அதற்குமேல் உட்கார வைத்தான் அண்ணன். பிரிண்டர் ஓடும்போதெல்லாம் அவன் குலுங்கிச் சிரித்தான். மூன்று பேருமே சிரித்தோம்.

நவம்பர் 24. செவ்வாய்

முடிந்தது. சூட்டுக்கு வந்த புது எண் பழைய எண்ணிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறது. தப்பு இருக்கக்கூடிய அளவு முன்பு எழுதியதைப்போல் மூன்று மடங்கு. பார்க்க அவ்வளவு அழகாக இல்லை. இதுதான் அசல் என்று அண்ணி அப்படியே அனுப்பிவிட்டார்.

டிசம்பர் 11. வெள்ளி

இடம் கிடைத்தது. அண்ணன் தந்தியை இரண்டு தடவை சத்தமாகப் படித்தான். பிறகு என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். மன்னிப்பு அவ்வளவுதான் போல. போதும்.

இரவு சச்சினை என் பக்கத்திலேயே படுக்கப் போட்டார்கள்.

ஜனவரி 30, 1988. சனி

நாந்தி விமான நிலையம். அழுகிற குடும்பங்களுக்கு நடுவில் எங்கள் குடும்பம் ஒன்று. அப்பா வந்திருந்தார். சச்சின் என் காதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அண்ணிதான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

கம்ப்யூட்டரை வாங்க லௌட்டோகாவில் ஆள் இருந்தது. விற்கக்கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டார். இன்னும் நிறையக் கட்டங்களோடு ஓட்டங்கள் வேண்டுமாம், சூடுகளை எழுதி அனுப்புவாராம். "தொடங்குற எண்ணு உன் இஷ்டம். வேற ஏதாவது தோணுச்சுன்னா அதையும் ஓட்டிப் பாரு. என்கிட்ட கேக்க வேணாம்."

அப்பாவோடு வட்டுகோலா திரும்பும் பஸ்ஸில் தாவுவாவைத் தாண்டும்வரை அழுதேன்.

பிப்ரவரி 9. செவ்வாய்

வட்டுகோலா. சுரங்கத்துக்கென்று தனி மின்நிலையம் இருப்பதால் இங்கே கரண்ட் போவதில்லை. ஒரு ஓட்டம் தொடங்கினால் முடியும்வரை ஓடுகிறது. அண்ணி கேட்ட முதல் வரிசை நேற்றே முடிந்து தபாலில் போய்விட்டது.

இன்று காலை அப்பா வேலைக்குப் போனபின் புரோகிராமை வரிவரியாகப் படித்தேன். பக்கத்து நாலு பேர் இழுக்கிற பக்கமே மூலையில் இருக்கிற நாலு பேரும் இழுக்கிறார்கள். அவர்கள் எதிர்ப்பக்கம் இழுத்தால்? நடுவில் இருப்பவர் யார் பேச்சைக் கேட்பார்? அண்ணி இதைக் கேட்டதில்லை.

மூலைக்காரர்கள் இருக்கிற வரியில் ஒரு கழித்தல் குறி போட்டேன். மிஷின் எண் கேட்டது. கொடுத்தேன். ஓடவிட்டேன்.