அச்சடிக்காத புத்தகம்

எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, கோபித்துக்கொள்ளாதே. வரி போட்ட தாள்தான். ஆனாலும் கை வரியில் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் விரல் மரத்துப்போகிறது.

காலையில் மைதா பசை காய்ச்சினேன். நீ போன பிறகு இன்றைக்குத்தான் இந்த வாசம் மறுபடி வீட்டுக்குள் வந்தது. புத்தகம் எது வந்தாலும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, பசை காயும்வரை அம்மிக்குழவியை மேலே தூக்கி வைப்பாய். இந்த வாசத்துக்காவது அழுகை வரும் என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கும் இப்படித்தான் இருந்தேன்.

ஆனால் ஒரு நல்ல சேதி. எனக்கு வாசிக்க வந்துவிட்டது! உன் கருமாதி முடிந்த மறுமாதம் பள்ளிக்கூட வராண்டாவில் பெரியவர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார்கள். போய் உட்கார்ந்தேன். பதினோரு பேரில் ஆம்பளை நான் ஒருத்தன்தான். இப்போது பஸ் வளைவில் திரும்பும்போதே போர்டைப் படித்துவிடுகிறேன். ஒருநாள் திருவரங்குளம் என்று வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் நின்றவர், "அதான் தெரியுதுல்ல" என்றார். அவருக்குத் தெரிந்தது அந்த ஊர் மட்டும். எனக்கு எட்டு எழுத்தும் தெரிந்தது.

நம் பக்கத்துப் பெண்கள் எல்லாம் எழுத்தும் சைக்கிளும் ஒன்றாகக் கற்றுக்கொண்ட வருஷத்தில் நீ என்னையும் கூப்பிட்டாய். மாட்டை யார் பார்ப்பது என்று சொல்லித் தப்பித்தேன். நீ கற்றுக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போனாய். நான் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொம்பளைங்க எழுதின புத்தகம் வேண்டும் என்று நீ கேட்டதும், சமையல் புத்தகமா என்று கேட்டார் நூலகர்.

"சமைக்கத் தெரியும்ங்க. சமைக்கிறவ என்ன நெனைக்கிறான்னு எழுதுனது இருந்தா குடுங்க" என்றாய்.

அதன்பிறகு அந்தப் புத்தகங்கள்தான். கடன் வாங்கி வந்தவை போக, புத்தகத் திருவிழாவில் வாங்கிச் சேர்த்தவை ஒரு பெட்டி நிறைய. நூறு நாள் வேலையில் கண்மாய் வெட்டும்போது, கஞ்சி குடிக்கிற நேரத்தில் கரையில் உட்கார்ந்து பெண்களுக்கு வாசித்தாய். அட்டையில் கதையின் பேரைவிட எழுதியவள் பேரைப் பெரிதாக எழுதுவாய். ஆக்கியவள் பேரைக் கேட்காமல் எழுந்து போகிற பழக்கம் சோற்றோடு போகட்டும் என்பாய்.

கருமாதிக்கு வந்த பெண்களுக்கு உன் ஞாபகமாகப் பெட்டியிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் ஒரே மாதிரி காலண்டர் அட்டை. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கீழத்தெரு பாக்கியம் வந்தது. இப்போது உன் இடத்தில் கரையில் வாசிப்பது அதுதான்.

"அண்ணே, எனக்குக் குடுத்தது அச்சுப் புஸ்தகம் இல்ல. மதினி கையால எழுதுன நோட்டு. ஆறு பேரு படிச்சிட்டோம். ஒங்களுக்கு எழுத்து வந்துருச்சுன்னாக. இனிமே மறச்சு வச்சா நல்லா இருக்காது" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனது.

மகளிர் குழு விவரம்தான் எழுதுகிறாய் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

ஒரு பக்கம் வாசிக்க ஒரு சாயங்காலம் ஆனது. இரண்டாம் பக்கத்தில் நான் வந்தேன். "இன்றைக்கு அவர் சாப்பிடும்போது ஒரு கதை வாசித்துக் காட்டினேன். பொம்பளை கதையைப் பொம்பளைகளிடம் போய்ச் சொல் என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். இனி வீட்டில் வாய்விட்டு வாசிப்பதில்லை." எனக்கு அது ஞாபகமே இல்லை. உனக்குக் கண் மங்கிவிட்டது, அதனால்தான் வீட்டில் வாசிப்பதை நிறுத்திவிட்டாய் என்று நினைத்திருந்தேன்.

அதற்கடுத்த வரி: "இதையெல்லாம் பயமில்லாமல் எழுதலாம். அவருக்கு வாசிக்கத் தெரியாது."

பயமில்லாமல் என்ற சொல்லைத் திக்காமல் வாசித்துவிட்டேன் என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம்தான் என்ன வாசித்தேன் என்று புரிந்தது. நோட்டை மூடிவிட்டேன். மூன்று நாள் அலமாரியில் கிடந்தது. நான் படிக்க மாட்டேன் என்ற தைரியத்தில் நீ எழுதியதை, எழுத்து கற்றுக்கொண்டு போய்த் திறப்பது சரியா என்று யாரைக் கேட்பது? எனக்காகப் பூட்டி வைத்தால், இன்னும் படிக்காத பெண்களுக்கு அது இல்லாமல் போகும்.

இன்று காலை பாக்கியம் வீட்டுக்குப் போனேன்.

"படிச்சீங்களாண்ணே?"

"ரெண்டு பக்கம்."

"தட்டு வந்துருச்சா?"

"வந்துருச்சு."

சிரித்தது. "அதுக்கே மொகம் இப்புடிப் போச்சுன்னா, இன்னும் அம்புட்டு இருக்கு. சிரிப்பா எழுதுனதும் இருக்குண்ணே."

"நான் தனியாப் படிக்கல. நீங்க கரையில வாசிங்க. நான் ஓரமா ஒக்காந்து கேட்டுக்கிறேன்" என்றேன்.

"எல்லாரு முன்னாடியுமா? சிரிப்பாளுங்க."

"சிரிக்கட்டும்."

"அப்ப நாளைக்கே வாங்க, கஞ்சி நேரத்துக்கு. பாதியில எந்திரிச்சுப் போகப்படாது, சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து பசை காய்ச்சியது அதற்குத்தான். ஆறு கை மாறி அட்டை கிழிந்திருந்தது. புது அட்டை போட்டு, அதன் நடுவில் உன் பேரைப் பெரிதாக எழுதினேன். அரைமணி நேரம் ஆனது. கதைக்கு நீ பேர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

நாளைக்கு நீ சொல்ல நினைத்ததை வேறு ஒருத்தி குரலில் கேட்கப் போகிறேன். எழுந்து போக மாட்டேன். பதில் சொல்ல எனக்கு ஏதாவது இருந்தால் அடுத்த வாரம் எழுதுகிறேன். இல்லையென்றால், கடைசிவரை கேட்டேன் என்று அதை மட்டுமாவது எழுதுகிறேன்.