எறும்பு உயரம்

தூத்துக்குடி
ஜூன் 9

அன்புள்ள ஜெமிக்கு,

பெவின் எழுதுவது. நலம் விசாரிப்பைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். முதலில் படங்கள்.

நீ அனுப்பிய மெமரி கார்டு வந்தது. கல்லிடைக்குறிச்சியில் ராஜதுரை அண்ணாச்சி அதைப் பழைய மிளகாய்த்தூள் கவரில் போட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தார். ரீடரில் செருகுவதற்குள் தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் உங்கள் காட்டு முகாமுக்கு மளிகை ஏற்றிப் போகிற ஜீப் அவருடையது. இந்தக் கடிதமும் அதில்தான் மேலே வரவேண்டும். நன்றி அண்ணாச்சி என்று சொல்லி போனை வைத்தேன்.

நீ தாவரவியல், நான் துறைமுகத்தில் கருவிகளைப் பார்க்கிற இன்ஸ்ட்ருமென்டேஷன். செடியின் பெயரில் நான் தலையிடுவதில்லை. ஆனால் பெரிய மரங்களுக்கு அடியில், வெயில் எட்டாத இருட்டில் முளைக்கிற செடிகளுக்கென்று உங்கள் ஆராய்ச்சி நிலையம் ஒரு கையேடு போடுகிறது, படம் எடுப்பது நீ, நிறத்தைத் திருத்தித் தருவது நான் என்று நாம்தான் பேசிக்கொண்டோம். அந்த உரிமையில் சொல்கிறேன். இந்தத் தடவை வந்த படங்கள் மோசம்.

நிறம் எனக்குப் பிரச்சினையே இல்லை. அங்கே வெளிச்சம் இலைகளுக்குள் புகுந்துதான் கீழே வருகிறது, எல்லாவற்றிலும் ஒரு பச்சை ஏறிவிடும், அதை நான் எடுத்துவிடுவேன். நடுவில் விழுகிற வெயில் பொட்டுகள் படத்தை ஓட்டை போட்டது மாதிரி வெள்ளையாக்கிவிடுகின்றன, அதற்குக் குடை பிடி என்று முன்பே எழுதியிருக்கிறேன். என் குறை வேறு. ஈஸ்டர் வரைக்கும் நீ எடுத்த படங்களைப் பார்த்தால் நானே அந்தச் செடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறது போல இருக்கும். எறும்பு உயரம் என்று நீதான் அதற்குப் பெயர் வைத்தாய். வயிற்றை மண்ணில் வைத்துப் படுக்காதவள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று சொன்னதும் நீதான். இப்போது வந்திருப்பவை எல்லாம் நின்றபடி எடுத்தவை. துறைமுகத்தில் நம் செபாஸ்டின் கிரேன் கேபினில் இருந்து கன்டெய்னரைப் பார்ப்பானே, அப்படி. இலையின் முதுகுதான் தெரிகிறது. அடிப்பக்கம் ஊதாவாக இருப்பதுதான் விசேஷமே என்று ஈஸ்டருக்கு வந்தபோது சாப்பிட விடாமல் பாடம் எடுத்தாயே, எங்கே அந்த ஊதா? அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே கீரையாத்தான் இருக்கு என்று போய்விட்டாள். முதல் தடவையாக அவளோடு ஒத்துப்போகிறேன்.

சோம்பேறித்தனம் என்றால் சோம்பேறித்தனம் என்று எழுது. தட்டிக்கழிக்காதே.

வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. காற்று ஆரம்பித்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் கட்டிலில் மண். செபாஸ்டினுக்குக் குனிந்து குனிந்து கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொண்டன. கிரேன் ஓட்டுகிறவன் நாள் முழுக்கக் காலுக்கு அடியில் இருக்கிற கண்ணாடி வழியாகக் கீழே பார்க்கவேண்டும். சரக்கைத் தூக்குகிற சட்டத்தில் ஒரு கேமராவை வைத்து, அவன் முகத்துக்கு நேரே ஒரு திரை வைத்துக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். மேலதிகாரி அனுமதி தர யோசிக்கிறார். யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அதையும் யோசிக்கிறார்.

ஞாயிறுதோறும் சிக்னல் கிடைக்கிற சோதனைச்சாவடி வரை நடந்து வந்து போன் பேசுவாய். மூன்று வாரமாக அதுவும் இல்லை. வழியில் அட்டை கடிக்கிறதாம், மழையாம். போன வருஷம் அந்த அட்டைகளோடுதான் நடந்தாய்.

நலமா? சாப்பிடுகிறாயா? ஆலந்தலையில் செபாஸ்டின் வீட்டில் போட்ட சீலா மீன் கருவாடு அனுப்பியிருக்கிறேன். கேட்டுக் கேட்டு வாங்குவாயே என்று நானே அனுப்புகிறேன்.

உன்
பெவின்

தூத்துக்குடி
ஜூன் 30

ஜெமிக்கு,

உன் கடிதம் படித்தேன். அதைக் கடிதம் என்று சொல்வது பெரிய மனசு. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மழை, சேறு, உடுப்பு காயவில்லை. சரி. கூட வந்த கார்டில் படங்கள் மங்கலாக இருப்பதற்குக் காற்று காரணம் என்று எழுதியிருக்கிறாய். ஜெமி, நான் கேமராவோடு பிழைக்கிறவன். காற்று அடித்தால் இலைதான் அசையும். பக்கத்தில் கிடக்கிற கல்லுமா அசையும்? கல்லும் சேர்ந்து மங்கியிருக்கிறது. டிரைபாடை விரிக்காமல் கையில் வைத்து எடுத்திருக்கிறாய். அந்த இருட்டில் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று உனக்குத் தெரியாதா? டிரைபாடைத் தூக்கிக்கொண்டு நடக்க என்ன கேடு?

இன்னொன்று. செடிக்குப் பக்கத்தில் அளவுக்கு ஸ்கேல் வைப்பாயே, அதைப் பிடித்திருப்பது யார் கை? உன் கை இல்லை. நீலப் பட்டை வாட்ச் கட்டின கை. உன்னோடு தங்கியிருக்கிற ரோஸுடையது என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் நீயே மண்டியிட்டு வைப்பாய். இப்போது அந்தப் பிள்ளை தன் வேலையை விட்டுவிட்டு உனக்கு ஸ்கேல் பிடிக்கிறதா? உங்கள் தலைவர் ஜெபசீலன் சாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்? நீயே எத்தனை சண்டை போட்டு வாங்கின வேலை. ஆகஸ்டுக்குள் பூக்கிறதை எல்லாம் எடுத்தாகவேண்டும், நடுவில் இறங்கினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று நீதான் சொன்னாய். இப்படி எடுத்தாலும் வேறு ஆளைத்தான் போடுவார்கள்.

கருவாடு திரும்பி வந்துவிட்டது. அண்ணாச்சி போனில், "தம்பி, மேடம் அத வண்டிய விட்டு இறக்கவே விடலியாம். வாட அடிக்கி, கொண்டு போயிருங்கன்னுட்டாவளாம். ரஸ்க் இருந்தா குடுத்து விடச் சொன்னாவ" என்றார். காலையில் எழுந்ததும் ரஸ்க் இல்லாமல் முடியவில்லையாம். ரஸ்க் என்ன, நம் பக்கத்து நாசரேத்தில் இருந்து ஒரு பேக்கரியையே அனுப்புகிறேன். ஆனால் என் மேல் கோபம் என்றால் கோபம் என்று சொல். சீலாவின் மேல் காட்டாதே.

இங்கே காற்று அதிகமாகிக் கிரேன்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேலை இல்லாததால் உன் படங்களைத் துறைமுகத்துக்கே கொண்டுபோய்ப் பார்க்கிறேன். செபாஸ்டின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, பொண்டாட்டி அனுப்புத படத்துல பொண்டாட்டியத் தவிர எல்லாம் இருக்குலே" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. இருந்தாலும் அசன விருந்துக்கு அரிசி புடைக்க ஆலயத்துக்குப் போய்வந்தாள். அங்கே பெண்கள் உன்னைக் கேட்டார்களாம். என்ன கேட்டார்கள் என்று உனக்குத் தெரியும். நான் எழுதப்போவதில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சத்தமாக அதற்காகவே ஜெபிக்க ஆரம்பித்தாள். நான் மிக்ஸியைப் போட்டேன். அரைக்க ஒன்றும் இல்லை, சும்மா ஓடவிட்டேன்.

ஆகவே உன் பக்கம் இருக்கிறவன் நான்தான். அவனுக்காவது ஒழுங்காக ஒரு கடிதம் எழுது.

கர்த்தர் உன்னோடு இருப்பார். டிரைபாடும் உன்னோடு இருக்கட்டும்.

பெவின்

தூத்துக்குடி
ஜூலை 19

பிரியமான ஜெமிக்கு,

கார்டு வந்தது. மிளகாய்த்தூள் கவர் இல்லை, ஆனால் சோப்பு வாசம். அண்ணாச்சி முன்னேறுகிறார்.

இதில் ஒரு படம் எறும்பு உயரத்தில் இருக்கிறது. காசித்தும்பை. பாறை இடுக்கில் ஒரே ஒரு பூ, அதன் வால் வளைந்திருப்பதும், இலையின் ஊதா அடிப்பக்கமும், தண்டில் நிற்கிற நீர்த்துளியும் துல்லியமாக. அப்பாடா, மகாராணி மண்ணில் படுத்துவிட்டாள் என்று நினைத்தேன். திருத்த உட்கார்ந்தேன். பச்சையை எடுத்ததும் பின்னால் மங்கலாக ஒரு பாறையும் அதன்மேல் ஒரு ஆளும் தெரிந்தது.

அதை ரோஸ் எடுத்திருக்கிறாள். பின்னால் உட்கார்ந்திருப்பது நீ.

பெரிதாக்கிப் பார்த்தேன். லென்ஸ் பூவைப் பிடித்திருப்பதால் நீ புகை மாதிரிதான் இருக்கிறாய். எவ்வளவு கூட்டினாலும் முகம் தெளியாது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் கூட்டினேன். முகம் தேவைப்படவில்லை. என் பழைய நீலச் சட்டையைப் போட்டிருக்கிறாய். ஒரு கை இடுப்பின் பின்னால் ஊன்றியிருக்கிறது. இன்னொரு கையை எங்கே வைத்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்த இரண்டு மாதமும் நீ அப்படித்தான் உட்கார்ந்திருந்தாய்.

அதற்குப் பிறகு நான் பூவைப் பார்க்கவில்லை.

படுக்காதது, டிரைபாடைத் தூக்காதது, சாவடிக்கு நடக்காதது, கருவாடு, ரஸ்க், ரோஸின் கை. எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது. கிரேனில் ஒரு சென்சார் தப்பாகக் காட்டினால் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெயர் வாங்கியவன் நான். உன்னைச் சோம்பேறி என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். நீ அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டு, சேறு, மழை என்று பதில் எழுதியிருக்கிறாய். இவ்வளவு அழுத்தம் ஒரு மனுஷிக்கு ஆகாது ஏளா. என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரியாமல் இல்லை. போன தடவை மூன்றாம் மாதமே அம்மா, கர்த்தருக்கு நன்றி சொல்லிப் போடுகிற ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் காரணத்தை எழுதிப் போட்டுவிட்டாள். குருவானவர் அதை ஆராதனையில் வாசித்தார். ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஞாயிற்றுக்குள் எல்லாம் முடிந்துபோனது. அதற்குப் பிறகு வீடு நிறைய ஆட்கள். ஜெபிக்க வந்தவர்கள் ஜெபித்துவிட்டு, பப்பாளி தின்றாயா, பஸ்ஸில் குலுங்கினாயா, மாடிப்படி ஏறினாயா என்று உன்னை நிற்கவைத்து விசாரித்தார்கள். இதற்குக் காடே மேல் என்று நீ கிளம்பியதில் ஒரு அதிசயமும் இல்லை. அங்கே எந்தச் செடியும் யாரையும் கேள்வி கேட்காது.

அதனால் கேள். அம்மாவிடம் சொல்லவில்லை. உன் வீட்டில் சொல்லவில்லை. செபாஸ்டினிடமும் சொல்லவில்லை, அந்தப் படத்தை அவனுக்குக் காட்டவுமில்லை. நேற்று அம்மா காணிக்கைக் கவரை நீட்டி, இந்த வாரம் என்ன காரணம் எழுத என்று கேட்டாள். மழைக்காக என்று எழுதச் சொன்னேன். இந்தக் காற்றில், இந்த ஊரில், ஜூலையில் மழையா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எழுதிவிட்டாள்.

இப்போது நான் சொல்வதை நீ செய்யவேண்டும். வருகிற சனிக்கிழமை ஜீப் இறங்கும்போது அதில் வா. முன் சீட்டில். பின்னால் காலி டின்களோடு உட்கார்ந்து வராதே. டிரைவரை மெதுவாக ஓட்டச் சொல்லும்படி அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன். கேமரா பெட்டி உடையும் என்று காரணம் சொன்னேன். "கேமராவுக்கா தம்பி இவ்வளவு" என்று இழுத்தார். ஆமாம் என்றேன். நான் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். தனியாக. அங்கே ஒரு பெண் டாக்டரிடம் உன் பெயருக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். ஈஸ்டர் முடிந்து இவ்வளவு நாளாக ஒருவரும் உன்னைப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு வருகிற கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது.

அப்படியே வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன் என்று பயப்படாதே. டாக்டர் போகலாம் என்றால் அன்றைக்கே உன்னை மேலே கொண்டுவந்து விடுகிறேன். கூடாது என்றால் ஜெபசீலன் சாரிடம் நாம் இரண்டு பேரும் போய் நின்று பேசுவோம். மீதிப் படங்களை ரோஸ் எடுக்கட்டும், எதை எப்படி என்று நீ சொல், கையேட்டில் உன் பெயர் இருக்கும். அதற்கு நான் சண்டை போடுகிறேன். எனக்கு அது நன்றாக வரும். கத்தமாட்டேன் என்று மட்டும் வாக்குத் தரமாட்டேன்.

ஒருவேளை நீ மேலே இருக்கலாம் என்றால், அதற்கும் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். செபாஸ்டினுக்குச் செய்ததுதான், சின்னதாக. ஒரு அலுமினியக் கை, அதன் நுனியில் உன் கேமராவை மாட்டி ரோஸ் மண்ணில் வைக்கவேண்டும். அதிலிருந்து ஒரு வயர் வந்து உன் மடியில் இருக்கிற திரைக்குப் போகும். மடக்கு ஸ்டூலும் உண்டு. நீ நிமிர்ந்து உட்கார்ந்து பூவின் அடிப்பக்கத்தைப் பார்க்கலாம். பட்டனை நீயே அழுத்தலாம். குனியவேண்டாம், படுக்கவேண்டாம், கல்லும் அசையாது. வீட்டில் அம்மாவின் துளசிச் செடியில் சோதித்துவிட்டேன். அதே உயரம்தான் வருகிறது.

செபாஸ்டினின் திரைக்கு இன்னும் அனுமதி வரவில்லை. உன் திரைக்கு நான் யாரிடமும் கேட்கவில்லை.

அந்தக் காசித்தும்பைப் படத்தைத் திருத்தி முடித்தேன். கையேட்டுக்கு அனுப்பும் பிரதியில் பின்னணியை வெட்டிவிட்டேன், பூ மட்டும் இருக்கும். முழுப்படம் என்னிடம் இருக்கிறது.

ஜெமி, ஜீப்பைத் தவறவிடாதே. மழை பெய்தாலும் வா. கார்டு கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை. உன்னைக் கர்த்தர் கையில் பிடித்துக் கீழே இறக்கிவிடட்டும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் அந்தப் பாறையில் ஏறி உட்காராதே. அது முழுக்கப் பாசி, படத்திலேயே வழுக்குகிறது. பாசியின் படம் கையேட்டுக்கு வேண்டுமென்றால் வேறு யாராவது எடுக்கட்டும்.

உன்
பெவின்