அத்தையின் தொண்டைக்குள்

என் செல்லமே,

"உன் அம்மா நலம்" என்று மட்டும் செய்தி அனுப்பியதற்கு நைரோபியில் உட்கார்ந்து பல்லைக் கடித்திருப்பாய். முழுக் கதையும் இதோ.

அத்தைக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. இந்தக் ககமேகா ஊரில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்ய என்னை விட்டால் ஆளில்லை. மாமியார் கையை மருமகன் தொடக்கூடாது, அவர் வீட்டில் சாப்பிடக்கூடாது என்பது நம் இனத்து வழக்கம். அந்தக் கூச்சத்தில் அத்தை முகத்தைத் துணியால் மூடி, வாயை மட்டும் திறந்து படுத்தார். பக்கத்திலேயே நான் நிற்க, நர்ஸ் நசிமியுவிடம்தான் பேசினார்.

"சூடா டீ குடிச்சா தொண்டை கெடும்னு ஆராய்ச்சி எழுதினாரே, அவரைக் கேளு. உள்ள பாக்கறப்ப கண்ணை மூடிக்குவாராமா?"

"மூடினா குழாய் மூக்குல போயிடும்மா!"

நான் சிரிக்கவில்லை. குழாயை மெல்ல உள்ளே இறக்கினேன். நீ எதற்குப் பயந்தாயோ அதற்குத்தான் நானும் பயந்தேன்.

திரையில் புற்றுநோய் இல்லையடி! வயிற்று அமிலம் பட்டு ஆறிய தழும்பு வழியைச் சுருக்கியிருந்தது, அவ்வளவுதான். பலூன் வைத்து விரித்துவிட்டேன். என் ஆராய்ச்சிப்படி டீயின் மேல் பழி போட வழியில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.

மயக்கம் தெளிந்ததும், துணிக்குள்ளிருந்தே குரல் வந்தது.

"நசிமியு, என் வயித்துக்குள்ளயே போயிட்டு வந்துட்டாரு. இனி வீட்டுக்குள்ள வர என்ன கூச்சமாம்? ஞாயித்துக்கெழம கோழி அடிக்கிறேன், சாப்பிட வரச் சொல்லு."

நீயும் வந்துவிடு. தனியாகச் சாப்பிட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா வீட்டு மருமகன்